மெய்ஞ்ஞானி பீர் முகம்மது அப்பா

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். ஊருக்குக் கிழக்கே மானாவாரி நிலங்கள் பரந்து கிடக்கின்றன; மேற்கே மலை மதில்போல் எழுந்து நிற்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் முகில்களுள் பெரும்பாலானவற்றை அம்மலை தன் மேலைச் சரிவிலேயே பொழியச் செய்துவிடும். ஆதலின் மலைக்கு அப்பால் அடைமழையும் இப்பால் வெயிலும் ஒரே நாளில் நிகழ்வது இங்கே வியப்பன்று. மலைமேல் ஏறினால் ஏலத் தோட்டங்கள் தொடங்குகின்றன. போடியைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து ஆணும் பெண்ணும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து, அத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் பறித்த காய் உலர்ந்து, தரம் பிரிந்து, போடியின் ஏல மையத்தில் விலைபெற்று, வடநாட்டுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் போகின்றது.

ஏலக்காயைப் பறிப்பதில் ஒரு தனித்தன்மை உண்டு. ஆள் உயரத்திற்கும் மேலாக வளரும் அச்செடியின் உச்சியிலே அது காய்ப்பதில்லை. தூரிலிருந்து புறப்பட்டு மண்ணையொட்டிப் படரும் சரத்திலே காய்க்கின்றது. நிமிர்ந்து நடப்பவன் தோட்டம் முழுவதையும் சுற்றி வந்தாலும் தழையைக் காண்பானேயன்றிக் காயைக் காணான். குனிந்து, தூரின் அருகே அமர்ந்து, இலையை விலக்குபவர் கண்ணுக்கே அது தென்படும்.

பொட்டிபுரத்தின் பெயரை அண்மைக் காலத்தில் நாடறியச் செய்தது வேறொரு செய்தி. ஊரை அடுத்த மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் ஒன்று அமைப்பதற்கு 2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. மலைக்கும் நீருக்கும் கேடு நேரும் என அஞ்சிய மக்கள் அதனை எதிர்த்தனர், வழக்குகளும் எழுந்தன. அந்த வழக்கு ஒருபுறம் இருக்க, அத்துகளின் இயல்பு எண்ணத்தக்கது. கதிரவனிலிருந்து புறப்பட்டு, ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாக மனித உடலை ஊடுருவிச் செல்வது அது. எனினும் அதனை எந்தக் கண்ணும் கண்டதில்லை. காணாத ஒன்றைக் காண்பதற்கு அறிவியலறிஞர் தேர்ந்த இடம் வெயில் நுழையாத மலையின் உட்புறமாக அமைந்தது.

கண்ணுக்குப் புலனாகாத மெய்ப்பொருளை நாடி, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மலைத் தொடருக்குள் புகுந்தவர் ஒருவர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு ஏறி, வண்டிப்பெரியாற்றைக் கடந்து மேலும் சென்றால் பீர்மேடு என்னும் மலையூர் வரும். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 3000 அடி உயரத்தில், ஏலமும் தேயிலையும் மண்டிக் கிடக்கும் அந்த இடம் அவருடைய பெயராலேயே வழங்குகின்றது. அவர்தாம் தமிழ் முஸ்லிம்கள் பீரப்பா என்று அன்போடு அழைக்கும் பீர் முகம்மது அப்பா. பீர் என்பது பாரசீகச் சொல்; முதியவர், ஞானகுரு என்பன அதன் பொருள்கள். அப்பா என்பது தமிழர் தாமாக விரும்பிச் சேர்த்த உறவுப் பெயர். அரசாணையால் பெயர் பெற்ற ஊர்கள் பல உண்டு. ஒரு துறவி சில காலம் அமர்ந்திருந்தார் என்பதற்காக ஒரு மலை தன் பெயரை அவருக்குக் கொடுத்துவிட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அவர் அடங்கிய தக்கலை தமிழ்நாட்டிலும், அவர் தவமிருந்த பீர்மேடு கேரளத்திலும் சேர்ந்தன. எல்லைக்கோடு இடையே விழுந்த பின்னும் மலையின் பெயர் மாறவில்லை.

பீர் முகம்மது அப்பா தென்காசியில் பிறந்தவர் என்பது வழிவழிச் செய்தி. தந்தையார் சிறுமலுக்கர் என்றும் தாயார் ஆமினா என்றும் கூறுவர். தென்காசி, மலையின் நிழலிலே வளர்ந்த ஊர். பொதிகைச் சாரலும் குற்றாலத்து அருவியும் அருகிலுள்ளன. பாண்டியர் எடுப்பித்த கோபுரம் ஊர் நடுவே நிற்க, அதன் பக்கத்துத் தெருக்களிலே முஸ்லிம் குடிகள் வாழ்ந்து வந்தன. அவ்வூர்க் காற்றிலே திருமறையின் ஓசையும் தமிழ்ப் பாட்டின் ஓசையும் கலந்தே வந்திருக்கும். பிற்காலத்தில் அவர் பாடிய நூல்களை நோக்குவார்க்கு அரபுச் சொற்களும் தமிழ்ச் செய்யுள் வகைகளும் ஒருங்கே அவர்க்குக் கைவந்திருந்தமை விளங்கும். அவர் மணம் செய்துகொள்ளவில்லை என்பர். இளமையிலேயே அவருள்ளம் ஊரைவிட்டுக் காட்டை நாடியது.

அவர் உள்ளத்தை அவ்வாறு ஈர்த்த வேட்கை எத்தகையது என்பதை அறிய, அவர் நெறியாகிய இஸ்லாத்தில் பார்வை என்னும் சொல்லுக்குள்ள பொருளைச் சிறிது உணர்தல் வேண்டும். முஸ்லிம் ஒருவர் நாள்தோறும் ஐந்து வேளை தொழுகின்றார். அவ்வைந்து வேளையிலும் கட்டாயமாக உள்ளவை 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் திருக்குர்ஆனின் தோற்றுவாயாகிய பாத்திஹா ஓதப்பெறும். அதன் நடுவே அமைந்த வேண்டுதல் செல்வமன்று, நீண்ட ஆயுளன்று. நேர்வழியைக் காட்டுக என்பதே. வழி தெரிந்தவன் வழி கேளான். ஒரு நாளைக்குப் பதினேழு முறை வழி கேட்பவன், தனக்கு வழி காட்டப்பட வேண்டியிருக்கிறது என்பதைப் பதினேழு முறை ஒப்புக்கொள்கின்றான். இவ்வாறு ஒப்புக்கொள்ளாத நெஞ்சையே திருக்குர்ஆன் குருடு என்று குறிக்கின்றது. முகத்திலுள்ள கண் பழுதாவதை அது குறையாகப் பேசவில்லை. மார்பினுள்ளே இருக்கும் நெஞ்சம் பார்வை இழப்பதையே இழப்பாகப் பேசுகின்றது.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி அத்திருமறையிலேயே இடம்பெற்றிருக்கின்றது. நபிபெருமானார் ஒருநாள் மக்காவின் தலைவர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தார். அவர்கள் செல்வமும் செல்வாக்கும் உடையவர்கள். அவர்கள் மனம் மாறினால் ஊரே மாறும் என்னும் எண்ணத்தால் பெருமானார் அவர்களிடம் முழுக் கவனமும் செலுத்தியிருந்தார். அவ்வேளையில் அப்துல்லா இப்னு உம்மி மக்தூம் என்னும் பார்வையற்ற தோழர் அங்கு வந்து, தமக்கு இறைவழியைக் கற்பிக்குமாறு வேண்டினார். பேச்சு இடையறுந்ததால் பெருமானார் முகம் சுளித்தது. அவர் மறுபுறம் திரும்பினார். அதற்காக இறைவன் தன் தூதரையே இடித்துரைத்தான். அவ்விடித்துரைதான் திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்தின் தொடக்கம். தம்மைத் தேவையற்றவராகக் கருதியிருந்த தலைவர்களுக்குக் கண் இருந்தது; வழி தேடி ஓடிவந்தவருக்குக் கண் இல்லை. ஆயினும் காண்பவர் யார், காணாதவர் யார் என்பதை அந்த அத்தியாயம் ஐயமின்றித் தெளிவாக்கிவிட்டது. அந்த நாள் முதல் பெருமானார் அப்துல்லாவைத் தனி மதிப்போடு வரவேற்று வந்தார். தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனா நகரைக் கவனிக்கும் பொறுப்பைப் பலமுறை அவரிடம் ஒப்படைத்தார். பிலாலைப் போலவே அவரையும் தொழுகைக்கு அழைக்கும் பணியில் அமர்த்தினார். நோன்புக் காலத்தில் பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார். அப்பொழுது மக்கள் உண்ணலாம். அப்துல்லாவின் பாங்கு கேட்டவுடன் உண்பதை நிறுத்துதல் வேண்டும். பார்வையற்றவராதலின், விடிந்துவிட்டது என்று பிறர் சொன்ன பின்னரே அவர் குரல் எடுப்பார். ஊருக்கெல்லாம் விடியலை அறிவிக்கும் பொறுப்பு, விடியலைக் காணாதவரிடம் இருந்தது. பிறர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் இயல்பே அவரை அப்பொறுப்புக்கு உரியவராக்கியது.

பீர் முகம்மது அப்பா இந்நெறியில் ஊறியவர். கேட்பதற்கு முதலில் அமைதி வேண்டும். ஊரின் ஆரவாரத்தில் உட்குரல் கேளாது. நபிபெருமானாரும் மக்காவை அடுத்த ஹிரா மலைக்குகையில் தனித்திருந்த காலத்திலேதான் இறைச்செய்தி முதன்முதல் அவருக்கு வந்தது. அஃது கி. பி. 610ஆம் ஆண்டு. அம்முறையைப் பின்பற்றிச் சூபி ஞானியர் கல்வத்து என்னும் தனித்திருத்தலைப் பயிற்சியாகக் கொண்டனர். அப்பாவும் அவ்வாறே மலைகளை நாடினார். சிறுமலையிலும் ஆனைமலைக் காடுகளிலும் பீர்மேட்டிலும் அவர் தங்கித் தவம் புரிந்தார் என்பர்.

இன்று தார்ச்சாலையும் தோட்டமும் விடுதியும் நிறைந்த அம்மலைகள் அன்று எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேயிலை அக்காலத்தில் இம்மலைகளுக்கு வரவில்லை. அது 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஏலம் பெருமரங்களின் நிழலிலே காட்டுச் செடியாக வளர்ந்திருந்தது. யானைத்தடமே வழியாக அமையும். அட்டை நிறைந்த ஈரத் தரை. பகலிலும் இருள் விலகாத சோலை. திங்கள்கணக்காக விடாது பெய்யும் மழை. மேகம் இறங்கிவிட்டால் பத்தடித் தொலைவில் நிற்கும் மரமும் கண்ணுக்கு மறைந்துவிடும். அத்தகைய இடத்தில் கண்ணை நம்பி வாழ்தல் அரிது. நீரோசையைக் கொண்டு ஓடையின் திசையையும், கிளை முறியும் ஓசையைக் கொண்டு யானையின் திசையையும் அறிதல் வேண்டும். செவியே அங்குக் கண். ஏலமலையில் இன்றும் வேலை செய்வோர் இதனை நன்கு அறிவர்.

அவர் அம்மலையிலேயே தங்கிவிட்டிருந்தால் அவரைப் பற்றி ஒரு மலைப்பெயரைத் தவிர வேறொன்றும் எஞ்சியிராது. அவர் இறங்கி வந்தார். மலையின் தென்கோடியைச் சுற்றி, நாஞ்சில் நாட்டை ஒட்டிய தக்கலையை அடைந்தார். தக்கலைக்கு மிக அருகில் உள்ளது பத்மநாபபுரம். கல்குளம் எனப் பழம்பெயர் கொண்ட அவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை வேணாட்டு மன்னர்களின் தலைநகராக விளங்கியது. கோட்டையும் அரண்மனையும் இருந்த இடத்திற்கு அண்மையில் வந்து தங்கியவர், அரண்மனையை நாடவில்லை, தறியை நாடினார். நெசவுத் தொழிலால் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டார் என்பதே அவரைப் பற்றிய செய்திகளுள் எல்லாரும் ஒருமுகமாகச் சொல்வது. வடநாட்டில் காசி நகரத்திலே, பதினைந்தாம் நூற்றாண்டில், கபீர்தாசரும் இவ்வாறே தறியில் அமர்ந்து ஞானம் பாடினார். இருவரும் ஒருவர்க்கொருவர் தொடர்பில்லாதவர்கள். காலமும் மொழியும் வேறு. தறி மட்டும் ஒன்று.

ஞானியர்க்கு நெசவு ஏற்ற தொழிலாக அமைந்ததில் வியப்பில்லை. தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்தவனுக்குப் பாவு முழுவதும் எதிரே நீண்டு கிடக்கும். அது முன்னரே அமைந்தது. அதனை நெய்பவன் அப்போது மாற்ற இயலாது. ஊடை இழையோ அவன் கையிலுள்ளது. கால் மிதியை அழுத்தும். பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓடும். அச்சு வந்து இழையை நெருக்கும். ஒரு முழத் துணிக்கு இச்செயல் நூற்றுக்கணக்கான முறை நிகழவேண்டும். கை பழகிய பின் கண்ணுக்கு வேலை குறைந்துவிடும். இழை ஒன்று அறுந்தால் ஓசையின் மாற்றமே அதனைச் சொல்லிவிடும். வாய் இறைவன் பெயரைச் சொல்லலாம். உள்ளம் அதன் பொருளில் ஆழலாம். உடல் உழைத்துக்கொண்டே இருக்கலாம். பிச்சை எடுத்து உண்ணும் துறவைவிட உழைத்து உண்ணும் துறவு உயர்ந்தது என்று கருதிய சூபியர் பலர். அப்பா அவர்களுள் ஒருவர்.

தறியில் அமர்ந்தவாறே அவர் பாடிய பாடல்கள் பல்லாயிரம் என்று சொல்வது மரபு. கிடைத்துள்ளவையே அவரைத் தமிழ் இஸ்லாமிய ஞானப் புலவருள் தலைமையிடத்தில் வைப்பதற்குப் போதியவை. ஞானப்புகழ்ச்சி, ஞானப்பால், ஞானக்குறம், ஞானமணிமாலை, ஞானரத்தினக் குறவஞ்சி, திருமெய்ஞ்ஞானச் சரநூல், பிஸ்மில் குறம், ஈடேற்ற மாலை என்பன அவற்றுள் சில. ஞானப்பூட்டு என்று ஒரு நூலுக்குப் பெயர். ஞானம் பூட்டிய அறை என்பது அவர் கொள்கை. பூட்டின்மேல் சினங்கொண்டு கதவை உடைப்பவன் உள்ளே இருப்பதையும் உடைத்துவிடுவான். திறவுகோல் உடைய குருவினிடம் பணிந்து கேட்பதே வழி என்பதை அவர் பல நூல்களிலும் வற்புறுத்துகின்றார்.

அவர் கையாண்ட செய்யுள் வடிவங்களை நோக்குதல் நன்று. குறமும் குறவஞ்சியும் மலைநாட்டுக் குறத்தியின் பாட்டுகள். கூடையை இடையில் வைத்து, கை பார்த்துக் குறி சொல்லி ஊர் ஊராகச் செல்லும் பெண்ணின் வாய்மொழியாக அவை அமையும். உலகியல் காதலைப் பாடுவதற்குப் புலவர் எடுத்துக்கொண்ட அவ்வடிவத்தை அப்பா ஞானம் உரைப்பதற்கு எடுத்துக்கொண்டார். ஞானரத்தினக் குறவஞ்சியில் சிங்கன் ஐயம் வினவுகின்றான். சிங்கி விடை பகர்கின்றாள். மலைகளில் பல காலம் வாழ்ந்தவருக்கு அவ்வடிவம் இயல்பாகவே வாய்த்தது போலும். இந்நூலைச் சித்தர் பாடல்களின் தொகுப்புகளிலும் சேர்த்துப் பதிப்பித்திருக்கின்றனர். பதினெண் சித்தர் பாடல்களைப் பயில்வோர் இதனையும் வேறுபாடின்றிப் பயின்று வந்தனர். ஞானம், குரு, ஒளி, வெளி என்று தமிழ் நாட்டுத் துறவியர் நெடுங்காலம் ஆண்டுவந்த சொற்களிலேயே அவர் இஸ்லாத்தின் மெய்ப்பொருளை விளக்கினமை இதற்குக் காரணம்.

இறைவழியைச் சூபியர் நான்கு படிகளாக வகுப்பர். ஷரீஅத்து என்பது ஒழுக்க விதி. தரீக்கத்து என்பது அவ்விதியின்மேல் நடக்கும் பயிற்சி. ஹகீக்கத்து என்பது அப்பயிற்சியால் விளங்கும் உண்மை. மஃரிபத்து என்பது அவ்வுண்மையோடு நெஞ்சம் நேர்படும் மெய்யறிவு. முதற்படியிலே நின்றுவிட்டு அதுவே மாடி என்று எண்ணுபவனும் உண்டு. முதற்படியை மிதிக்காமலே மாடி ஏறிவிட்டதாகச் சொல்பவனும் உண்டு. இருவருமே வழி தவறியவர்கள். அப்பாவின் பாடல்கள் முதல்வகையினரைத் தட்டி எழுப்பின. அதனால் அவரை இரண்டாம் வகையினர் என்று சிலர் ஐயுற்றனர்.

அந்த ஐயம் ஒருநாள் அவர் தறியின் முன்னே வந்து நின்றது. வந்தவர் எளியவர் அல்லர். காயல்பட்டினத்தில் 1632ஆம் ஆண்டு பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1703ஆம் ஆண்டு மறைந்த சதக்கத்துல்லா அப்பா அவர். அரபு மொழியில் கவி புனைந்தவர். மார்க்கச் சட்டத்தில் தென்னாடு முழுவதும் மதித்த பேரறிஞர். வள்ளல் சீதக்காதியின் பெருமதிப்புக்கு உரியவர். தக்கலையில் ஒரு நெசவாளர் ஞானி என்று போற்றப்படுகின்றார் என்றும், ஆயினும் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வருவதில்லை என்றும் அவர் செவிக்குச் செய்தி எட்டியதாகக் கூறுவர்.

அவர் அதனைச் சிறிதாகக் கருதவில்லை, கருதவும் இயலாது. தக்க காரணமின்றி மூன்று வெள்ளிக்கிழமைத் தொழுகையைப் புறக்கணித்தவனுடைய நெஞ்சின்மேல் இறைவன் முத்திரையிட்டுவிடுவான் என்பது நபிமொழியின் கருத்து. முத்திரை விழுந்த நெஞ்சில் அறிவுரை நுழையாது. ஆகவே, சட்டம் காப்பவராகிய அவர் கேட்ட கேள்வி மிகவும் முறையானது. கேளாமல் இருந்திருந்தால் அதுவே பிழையாகியிருக்கும். கேள்வியில் குறையில்லை. விடையை வந்து காணுமுன்னே முடிவு செய்துகொண்டு வந்ததில்தான் குறை இருந்தது.

சந்திப்பின்போது நிகழ்ந்ததைத் தக்கலை மக்கள் பல வடிவாகச் சொல்கின்றனர். அறிஞர் வந்தபோது அப்பா தறிக்குழியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். எழுந்து வந்து வாதாடவில்லை. வந்தவரைத் தம் அருகே அழைத்தார். அவர் குனிந்து தறிக்குழியை நோக்கியபோது, அங்கே மக்காவின் கஅபாவும் அதனைச் சூழத் தொழுவோர் கூட்டமும், அக்கூட்டத்திடையே நெசவாளரும் காட்சியளித்தனர் என்பது அக்கதைகளுள் ஒன்று. வரலாற்றாசிரியர் இதனை ஏற்பர் என்று சொல்வதற்கில்லை. ஆனால், ஊரார் கதையை அமைத்த விதம் நோக்கத்தக்கது. அரபு நூல்களையெல்லாம் கற்ற அறிஞரை அவர்கள் இழிவுபடுத்தவில்லை; குழியை நோக்கிக் குனியச் செய்தார்கள், அவ்வளவே. குனிந்தவர் கண்டார். கண்டதை மறைக்கவுமில்லை. ஐயுற்று வந்தவர் அன்பராய்த் திரும்பினார் என்பதில் கதையின் எல்லா வடிவங்களும் ஒன்றுபடுகின்றன.

சதக்கத்துல்லா அப்பாவைப் பற்றி இதனையொத்த மற்றொரு வரலாறும் வழங்குகின்றது. நபிபெருமானாரின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகப் பாட விரும்பிய உமறுப்புலவர், அதற்கு வேண்டிய செய்திகளை அறிய அவரிடம் சென்றார். எட்டயபுரம் அரசவைப் புலவராகிய உமறு அரசவைக்கேற்ற ஆடை அணிகளோடு சென்றார். அக்கோலத்தைக் கண்ட அறிஞர், இத்தகைய ஒருவர்க்குப் பெருமானார் வரலாற்றைச் சொல்வதா என மறுத்துவிட்டார். மனம் நொந்த புலவர் இறைவனை வேண்டிப் பாடினார். அதன்பின் கனவில் பெருமானார் தோன்றி அறிஞரின் தடையை நீக்கினார் என்பர். சதக்கத்துல்லா அப்பா புலவரை அழைத்து, வேண்டிய உதவிக்கு வழிசெய்தார்; சீறாப்புராணம் பிறந்தது. ஆடையைக் கண்டு ஒருவரை மறுத்தவர், தறியைக் கண்டு மற்றொருவரை ஐயுற்றார். இரண்டு முறையும் அவர் தம் முடிவை மாற்றிக்கொண்டார். பேரறிஞர் பலர்க்கு இது வாய்ப்பதில்லை. கற்ற கல்வியே சிலர்க்குக் கண்ணை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. அவர்க்கோ திரை விலகியபோது அதனை மீண்டும் இழுத்து மூடிக்கொள்ளும் பிடிவாதம் இல்லை. மக்காவில் உமர் என்னும் வீரர் பெருமானாரைக் கொல்ல வாளோடு புறப்பட்டவர்; வழியில் தம் தங்கை வீட்டில் திருமறை வாசகத்தைக் கேட்டுக் கல்நெஞ்சம் கரைந்தவர். அதே வீதியில் அதே வாசகத்தைக் கேட்ட அபூலஹபோ பெருமானாரின் சிறிய தந்தையாக இருந்தும் இறுதிவரை மாறவில்லை. இருவர்க்கும் கேட்ட செவி ஒன்றுபோல்வதே. திறந்த நெஞ்சும் திறவாத நெஞ்சும்தான் வேறு.

நிற்க. பீர் முகம்மது அப்பாவுக்கு இச்சந்திப்பால் வாழ்க்கை மாறிவிடவில்லை. அறிஞரின் மதிப்பைப் பெற்ற பின்னும் அவர் நெய்து உண்டவராகவே இருந்தார். அவரை நாடிப் பலர் வந்தனர். முஸ்லிம்களேயன்றி மற்றச் சமயத்தாரும் அவர்களுள் இருந்தனர். அவர்க்கு மடமோ மானியமோ தேவைப்படவில்லை. முதுமை வரை தக்கலையில் வாழ்ந்து அங்கேயே அடங்கினார். அவர் அடக்கமான இடத்தில் தருகா எழுந்தது. ஊர் அதனைச் சுற்றி வளர்ந்தது. மலையிலுள்ள பீர்மேட்டிலும் அவர் நினைவாக ஓர் இடம் போற்றப்படுகின்றது. பிற்காலத்தில் திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்கால மாளிகை அமைத்ததும் அப்பகுதியிலேயே. உயிரோடிருந்த காலத்தில் அரண்மனைக்கு அருகில் இருந்தும் அரண்மனைக்குச் செல்லாதவரின் தவமலைக்கு, அரண்மனையே பின்னர் ஏறிச் சென்றது.

அவர் நூல்களுள் மக்கள் மிகுதியும் போற்றுவது ஞானப்புகழ்ச்சி. இறைவனை முன்னிலையில் நிறுத்திப் புகழ்ந்தும் வேண்டியும் பாடப்பெற்ற நூல் அது. அதில் அவர் தம்மை ஞானி என்று எண்ணிப் பாடவில்லை. ஒன்றும் அறியாதவன், அறிவிக்கப்பட வேண்டியவன் என்னும் நிலையில் நின்றே பாடுகின்றார். ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவருடைய நினைவு விழா தக்கலையில் நடைபெறுகின்றது. முழுநிலவையொட்டிய ஓர் இரவில் ஊரார் தருகாவில் கூடுகின்றனர். கூலிக்குப் பாடும் பாடகர் எவரும் அங்கு வருவதில்லை. வணிகரும் தொழிலாளரும் மாணவரும் வரிசையாக அமர்ந்து, ஞானப்புகழ்ச்சியைத் தொடக்கம் முதல் பாடிச் செல்கின்றனர். நூலை விரித்து வைத்துப் பாடுவோர் சிலர். பாட்டனார் மடியில் அமர்ந்து செவியால் கற்றுக்கொண்டு நூலின்றியே பாடுவோர் சிலர். ஒரு குழுவினர் களைத்தபோது மற்றொரு குழுவினர் அடியை எடுத்துத் தொடர்கின்றனர். இரவு நெடுநேரம் அவ்வொலி தக்கலைத் தெருக்களில் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.